ஜன்னலோர மேசை

கேமராவில் பளபளக்கக் கூடாது என்று என் புருஷன் வெர்னனின் வழுக்கைத் தலைக்கு ஒரு பெண் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் கண்ணை மூடித் தலையைக் காட்டிக்கொண்டிருந்தான். இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு நாள்கூட அப்படித் தலையைக் கொடுத்ததில்லை.

எங்கள் உணவகத்தின் ஜன்னலோர மேசையில்தான் பேட்டி. தேர்தலுக்குத் தேர்தல் டிவிக்காரர்கள் நியூயார்க்கிலிருந்து வந்து இறங்குவார்கள். முட்டையும் உருளைக்கிழங்கு வறுவலும் கேட்பார்கள். பாதியை வைத்துவிட்டு, சாதாரண மக்களின் மனநிலையை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். மற்ற வருஷங்களில் எங்களுக்கு மனநிலை என்று ஒன்று இருக்கிறதா என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

எங்கள் மாநிலம் பென்சில்வேனியா எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் ஜனாதிபதி. இது டிவிக்காரர்களின் கணக்கு.

பென்சில்வேனியா எந்தப் பக்கம் சாயும் என்பது தன் சட்டைப் பைக்குள் இருக்கிறது. இது வெர்னனின் கணக்கு.

ஏனென்றால் அவன் 'இன்னும் முடிவு செய்யாத வாக்காளர்.' எங்கள் ஊரில் அது கிட்டத்தட்ட ஓர் உத்தியோகம்.

இலையுதிர்காலம் முழுக்க இரண்டு கட்சிப் பிள்ளைகளும் மாறி மாறி எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு கட்சி முற்றத்து இலைகளை வாரியது. அது தெரிந்ததும் இன்னொரு கட்சி ஏணியோடு வந்து கூரையோரத்து மழைநீர்த் தகரத்தில் அடைத்திருந்த குப்பையை எடுத்தது. வெர்னன் காபிக் கோப்பையோடு வாசற்படியில் நின்று மேற்பார்வை பார்த்தான்.

"யோசிச்சுக்கிட்டுதான் இருக்கேன் தம்பி. அந்த மூலையில இன்னும் கொஞ்சம் இலை கிடக்கு பாரு."

வந்தவர்கள் அத்தனை பேரும், கதவைத் திறந்த என்னிடம் கேட்டது ஒன்றுதான். சார் இருக்காரா?

எனக்கும் ஒரு ஓட்டு உண்டு. யாருக்கு என்று கோடையிலேயே முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்தவளுக்கு யார் இலை வாருவார்கள்?

தபால் ஓட்டுச் சீட்டுகள் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வந்தன. என்னுடையதை அடுப்படியிலேயே முடித்து அனுப்பிவிட்டேன். வெர்னன் தன்னுடையதை உணவகத்துக்கு எடுத்துவந்தான். வாடிக்கையாளர்கள் நிறைந்திருக்கும் நேரம் பார்த்து, இந்த ஜன்னலோர மேசையில் எல்லாவற்றையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தான்.

பேனாவை வைத்ததும் மேசை ஆடியது.

அது ரொம்ப காலமாக ஆடுகிற மேசை. சரிசெய், சரிசெய் என்று நான் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றுதான் அவனுக்குக் கோபம் வந்தது. நாட்டின் தலைவிதியை எழுதும்போது கை நடுங்கினால் நன்றாகவா இருக்கும்? கையில் அகப்பட்டதை எடுத்து எட்டாக மடித்துக் குனிந்து, மேசைக் காலுக்கு அடியில் செருகினான். மேசை அடங்கியது.

பிறகு கையால் மறைத்துக்கொண்டு ஓட்டைப் போட்டான். உறையில் வைத்தான். எச்சில் தொட்டு ஒட்டினான். கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதி, எதிரே இருந்த தபால் பெட்டி வரை நடந்து போனான். திரும்பி வரும்போது இரண்டு மூன்று பேர் கை தட்டினார்கள். யாருக்குப் போட்டான் என்று எவரிடமும் சொல்லவில்லை. என்னிடம்கூட.

தேர்தல் முடிந்து இன்று மறுநாள் காலை. எங்கள் மாநிலத்தில் மட்டும் இன்னும் இழுபறி. நாடே வாயைப் பிளந்துகொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன ராசா," என்றார் பக்கத்து மேசையிலிருந்து ஸ்டான்லி. அவர் தினமும் வருகிறவர். "ஜனாதிபதி யாருன்னு சொல்லிட்டின்னா நாங்கல்லாம் வேலைக்குப் போவோம்ல."

வெர்னன் பெருந்தன்மையாகச் சிரித்தான். கேமராவின் விளக்கு எரிந்தது.

"இன்னும் எண்ணி முடியல சார். உங்க ஓட்டுதான் இந்த மாநிலத்தையே தீர்மானிக்கலாம். எப்படி இருக்கு?" என்று நிருபர் பெண் கேட்டாள்.

"பாரமா இருக்கும்மா," என்றான். "ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல."

அப்படியானால் விடிய விடிய என் பக்கத்தில் குறட்டை விட்டது யாரோ.

அவள் கேமராவைப் பார்த்துத் திரும்பினாள். எங்கள் மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கணக்கான தபால் ஓட்டுகளை எண்ணாமல் ஒதுக்கிவிட்டார்கள் என்றாள். ஓட்டுச் சீட்டை முதலில் மஞ்சள் உறையில் போட்டு, அதற்கப்புறம்தான் வெளி உறையில் போட வேண்டும். மஞ்சள் உறை இல்லாமல் வந்த ஓட்டு செல்லாது.

"ரெண்டு கவர் இருக்குன்னுகூட இத்தனை பேர் பாக்கலையே. நீங்க என்ன சார் நினைக்கிறீங்க?"

வெர்னனின் பார்வை மேசை மேலிருந்து மெதுவாக இறங்கி, மேசைக் காலுக்குப் போய், அங்கேயே நின்றது. பவுடருக்குள்ளிருந்து வியர்வை ஒரு கோடாக வழிந்தது.

எனக்குப் பாவமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ரொம்ப நேரம் இல்லை.

விளம்பர இடைவேளை வந்ததும் காபிக் கூஜாவோடு அவனிடம் போனேன்.

"அன்னைக்கு நீ பக்கத்துலதானே நின்னே," என்றான் அடிக்குரலில். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

சொல்லத்தான் வாயெடுத்தேன். மஞ்சள் கவர் என்று ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்திவிட்டான். நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் அல்லவா? எல்லாம் எனக்குத் தெரியும், நீ போய்க் காபியை ஊற்று என்றான்.

அன்றும் போய் ஊற்றினேன். இன்றும் அவன் கோப்பையை விளிம்பு வரை ஊற்றினேன். அவன் முழங்கை மேசையில் அழுந்தியிருந்தது. ஒரு சொட்டுகூடத் தளும்பவில்லை.