போலீசுக்கும் தண்டனை

“திருடன் இந்த வீட்டை விட்டு வெளிய போகல,” என்றார் இன்ஸ்பெக்டர் சிவசைலம். மீசையைத் தடவிக்கொண்டே பாயில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

குற்றாலத்தில் சீசனுக்கு எடுத்த வாடகை வீடு அது. சாரல் விடாமல் அடித்ததால் அருவிக்குப் போகாமல் ராஜா ராணி விளையாட உட்கார்ந்திருந்தார்கள். ராஜா, ராணி, போலீஸ், திருடன் என்று நாலு சீட்டு. ராஜாவும் போலீசும் தாங்களே சொல்லிவிட வேண்டும். மற்ற இருவரில் திருடன் யார் என்று போலீஸ் கைகாட்ட வேண்டும்.

ராஜா சீட்டு மச்சினர் ஞானசம்பந்தத்துக்கு வந்தது. போலீஸ், கேட்கவே வேண்டாம், இன்ஸ்பெக்டருக்கேதான். மிச்சம் அவர் மனைவி முத்துவடிவும் மகள் மங்களேஸ்வரியும்.

அங்கேதான் மகள் சட்டம் பேசினாள். பிடிபட்ட திருடன் எல்லார் ஈரத்துணியையும் அலச வேண்டுமாம். ஆள் மாற்றிப் பிடித்த போலீசுக்கு மட்டும் ஒன்றும் கிடையாதாம்.

“போலீசுக்கும் தண்டனை வேணும்ப்பா. இல்லேன்னா கண்ணுல பட்ட ஆளைப் பிடிப்பீங்க.”

இருபத்தெட்டு வருஷ சர்வீஸுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தன் கணக்குத் தப்பினால் அவள் மெட்ராஸுக்கு டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்குப் போகலாம் என்றார். தப்பாவிட்டால் வந்திருக்கிற வேலை ஆர்டரைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஆவணியில் ஞானசம்பந்தத்தின் மகனைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

அந்தக் கல்யாணத்தைப் பேசத்தான் ஞானசம்பந்தம் சுரண்டையிலிருந்து வந்திருந்தார். அவருடைய மகன் சீட்டாட்டக் கிளப்பே கதி என்று கிடப்பவன். மனிதருக்கு வாயெல்லாம் பல்.

மங்களேஸ்வரிக்குப் பயத்தில் உள்ளங்கை வேர்த்தது. சீட்டை மூடியிருந்த விரல்கள் வெளிப்படையாக நடுங்கின. ஞானசம்பந்தம் அதைக் கவனித்து, கையைப் பாருங்கள் என்று சிவசைலத்துக்குக் கண்ணைக் காட்டினார்.

முத்துவடிவோ பாய் ஓரத்தில் இருந்த கரி அடுப்பை விசிறிக் காப்பிக்குத் தண்ணீர் சுட வைத்துக்கொண்டிருந்தாள்.

சிவசைலம் அவசரப்படவில்லை. மகளையே வெகுநேரம் பார்த்தார். பிறகு விரல் மனைவி பக்கம் திரும்பியது.

“கை நடுங்குதவளப் பிடிக்கதுக்கு இன்ஸ்பெக்டர் எதுக்கு? கதவு சாத்துனாலே பதறுதவ, இன்னைக்கு நிதானமா அடுப்பு விசிறுதா. இவதான் திருடன்.”

முத்துவடிவு முந்தானையை இழுத்துச் சொருகினாள். சீட்டைப் பிரித்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தாள்.

“நான் ராணி,” என்று சொல்லிவிட்டுச் சீட்டை அடுப்பில் போட்டாள்.

மங்களேஸ்வரிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஞானசம்பந்தத்தின் முகம் சுருங்கிப்போனது. தங்கச்சிக்குப் பொய் சொல்லவே வராது, எடுத்த சேலையின் விலையைக்கூடக் குறைத்துச் சொல்லத் தெரியாது என்று ஊரெல்லாம் பெருமை பேசியவரே அவர்தான். காப்பிக்குக்கூட நிற்காமல் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டார்.

சிவசைலம் வாசல்வரை போய், குடை தெருமுனை திரும்புகிறவரை நின்றார். உள்ளே வந்து கதவைச் சாத்தினார். முத்துவடிவுக்கு விசிறி கையிலிருந்து நழுவியது.

அவர் மனைவியிடம் ஒன்றும் கேட்கவில்லை. மகள் முன்னால் கையை நீட்டினார். அவள் தயங்கித் தயங்கி விரல்களை விரித்தாள். சீட்டு வேர்வையில் ஊறிக் கசங்கியிருந்தது.

அதைப் பிரித்துப் பார்க்காமலே அடுப்பில் போட்டார்.

“ஒரே ஆட்டத்துல ரெண்டு ராணி இருக்கப்படாதுட்டி.”