பாரம் குறைந்த வண்டி

வேகம் கூடுவதற்காகப் பழைய பைக்கின் சிலிண்டரை அகலமாகக் குடைந்து பூட்டிவிட்டு, மெக்கானிக் மனோகரன் இப்போது பின்பக்கத்து இரும்பு கேரியரை அறுக்கிறான். பொறி தெறிக்கிறது. "பாரம் கொறஞ்சாதாண்ணே பிக்கப் வரும்," என்கிறான் வண்டியை வாங்கிய விஸ்வா. வண்டியை விற்றுவிட்டு, ஆர்சி புக்கைக் கொடுக்கத் தரங்கம்பாடியிலிருந்து வந்திருக்கும் பஞ்சநாதன் தலையாட்டுகிறார். இருபது வருஷம் அந்தக் கேரியரில் மீன்பெட்டி, பெட்டிக்கும் அவருக்கும் நடுவில் மனைவி எல்லையம்மாள். துருவோடு செதில்கள் இன்னும் ஒட்டிக்கிடக்கின்றன. கேரியர் ணங்கென்று தரையில் விழுகிறது. மனோகரன் ஓர் உதை விட, இன்ஜின் அலறுகிறது. அவருக்குப் பழக்கமே இல்லாத குரல். விஸ்வா குனிந்து சீட்டை முகர்ந்து மூக்கைச் சுளிக்கிறான். "எல்லாம் ஓகேண்ணே. இந்த மீன் வாடை போறதுக்கு என்னண்ணே பண்றது?" பஞ்சநாதன் ஆர்சி புக்கை வேட்டியில் இரண்டு தடவை அழுத்தித் துடைத்துவிட்டு நீட்டுகிறார்.