பனிக்கடியில் ஒரு வரிசை

மதியத்துக்கு மேல் கூரை விளிம்பு விடாமல் சொட்டிக்கொண்டிருக்கிறது. தோட்டத்துப் பனி மென்மை போய், மிதித்தால் கல்லுப்பு மாதிரி நறநறக்கிறது. அடியில் எங்கோ தண்ணீர் ஓடத் தொடங்கிவிட்டது. கியோனோ அதை யார் வீட்டுச் சத்தமோ என்பதுபோல் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். கொழுந்தன் இசாவோ இரும்புக் கம்பியால் பனியைக் குத்திக் குத்திப் பார்க்கிறான். பனிக்கடியில் கிடந்து இனிக்கட்டும் என்று அறுக்காமல் விட்ட முட்டைக்கோஸை ஊரெல்லாம் தோண்டி எடுத்தாயிற்று, இவர்கள் வரிசைதான் அகப்படவில்லை. அடையாளக் கழி நட்டது அவள் புருஷன் தொகுஜி. "இந்த வருஷம் பனி கம்மிதான்டி" என்று இடுப்பளவுக்கு வெட்டி நட்டான். பனி ஆளுயரத்துக்குக் கொட்டியது. ஜனவரியில் அவனும் போய்ச் சேர்ந்தான். "அண்ணன் நட்ட லட்சணத்தப் பாருங்க அண்ணி, செத்தும் நம்மகிட்ட கண்ணாமூச்சி ஆடுறாரு!" என்கிறான் இசாவோ. "நீளமா வெட்டுங்கன்னு அப்பவே சொன்னேன்" என்கிறாள் அவள். குரலில் கோபம்கூட இல்லை. அப்போதுதான் காலடியில் அது தெரிகிறது. விரல் நுனியளவுக்குக் கழி, அதில் சிவப்புத் துணி, அவன் எப்போதும் போடும் இரட்டை முடிச்சு. அவள் குனியவில்லை. கம்பி நெருங்கி வருகிறது. "இங்க இல்ல தம்பி, வேலியோரமா குத்திப் பாரு." இசாவோ முனகிக்கொண்டே திரும்பிப் போகிறான். கியோனோ ரப்பர் பூட்ஸால் பனியைத் தள்ளித் துணியை மூடுகிறாள். ஈரத்தில் சிவப்பு ஊறி மேலே தெரிகிறது. இன்னும் கொஞ்சம் தள்ளுகிறாள்.