ட்யூபில் நுரை

தணிகாசலத்தின் முதல் மனைவி இந்தச் சமையலறையில்தான் தீயில் கருகினாள். கேஸ் ட்யூபை எலி கடித்துவிட்டது என்று ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். எலியாம்! அவருக்கு இரண்டாந்தாரமாக வந்த இந்த நான்கு மாதத்தில் வெற்றிச்செல்வி இங்கே ஓர் எலிப்புழுக்கையைக்கூடப் பார்த்ததில்லை. அதனால் தினமும் விடிந்ததும், அவர் எழுவதற்குள், சோப்பைக் கரைத்து நுரையை ட்யூப் நெடுகத் தடவி, எங்காவது குமிழி கிளம்புகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பாள். இன்று அவர் அவளுக்கு முன்னாலேயே எழுந்துவிட்டிருந்தார். ரெகுலேட்டருக்குக் கீழே ட்யூபைத் தொட்டவளின் விரல் வழுக்கியது. ஏற்கெனவே அங்கே சோப்பு நுரை இருந்தது; இன்னும் காயக்கூட இல்லை. கசிந்துவிட்டதோ என்று பயந்து பார்த்தாரா, இன்னும் கசியவில்லையே என்று பார்த்தாரா?

“காப்பி ஆச்சா?” என்று கூடத்திலிருந்து அவர் குரல் வந்தது.

செல்வி லைட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு, விளையாட்டாகச் சொல்வதுபோல் சொன்னாள்: “இன்னிக்கு ஒருநாள் நீங்க வந்து பத்த வைங்களேன்.”

வாசலில் அவர் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது.