பயிற்சி சார் எடுத்த சிவப்பு அட்டை

"பச்சைப் பொத்தானை அழுத்துங்கள் என்றுதானே நான்..."

"அழுத்திக்கிட்டேதானே இருக்கேன்! அது பேசலைன்னா நான் என்ன..."

"நீங்கள் அழுத்துவது ஃபேன் ரிமோட், டீச்சர்!"

சிறப்புப் பள்ளி ஆசிரியைகளுக்கு, பொத்தானை அழுத்தினால் பேசும் பலகையைக் கற்றுத்தர வந்த இயந்திரத்துக்கும் அமலோற்பவம் டீச்சருக்கும் காலையிலிருந்து இதே ரகளை. தலைமையாசிரியை சற்குணம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். இந்தப் பயிற்சிக்கு நாள் குறிக்கவே அவர் படாத பாடு பட்டிருந்தார். சாயங்காலத்துக்குள் யாராவது பலகையைப் பேசவைக்காவிட்டால், வாய் பேசாத பிள்ளைகளுக்கென்று வந்த அத்தனை பலகைகளும் திரும்பிப் போய்விடும்.

"கோவிச்சுக்காம திரும்ப முதல்லேர்ந்து சொல்லுங்க சார்" என்றார் அமலோற்பவம்.

இயந்திரம் உருண்டு போய், சுவரில் தொங்கிய சிவப்பு அட்டையை எடுத்துக்கொண்டு, மூலை மெத்தையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது.

சற்குணத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனசு தாங்காத பிள்ளைகள் எடுக்கும் அட்டை அது. எடுத்தவர் திருப்பி மாட்டும்வரை யாரும் அவரைத் தொந்தரவு செய்யக்கூடாது. சற்குணமே போட்ட சட்டம்.

"யோவ், அது பிள்ளைங்களுக்கு வச்சதுய்யா!" என்று கத்தப்போனவர், காலையிலிருந்து வாசலில் நின்று பயிற்சியைக் கவனித்துக்கொண்டிருந்த மாணவி பூவிழியைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார். பிறந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள் பூவிழி. விறுவிறுவென்று வந்து பலகையை மடியில் வைத்துக்கொண்டு படபடவென்று அழுத்தினாள். பலகை கணீரென்று பேசியது:

"பெரிய டீச்சர், பாவம் அது. இன்னிக்கு லீவு குடுத்துடுங்க."