சாறி விரிக்கும் வீடியோ

காத்தான்குடிப் புடவைக்கடையில் புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சாறி விரித்துக் காட்டும் விதத்தை இனி வீடியோவில் படிப்பிப்பதென்று கடை முதலாளி ஹாஜியார் முடிவெடுத்தார். கடையின் தூண் என்று தன்னைத் தானே சொல்லிக்கொள்ளும் ஜுனைதீன் காக்காவும், அவரிடம் தொழில் பழகிய பஸ்மீரும் ஆளுக்கொரு வீடியோ எடுத்துக் கடையின் ஆப்பில் போட்டார்கள். நன்றாகப் படிப்பிக்கிறவருக்கு ஏறாவூர்க் கிளையில் மனேஜர் வேலை.

தன்னிடம் பழகியவன் தனக்கே போட்டியா என்று ஜுனைதீனுக்குப் பொறுக்கவில்லை. பகல் சோறு ஆறிக் கிடக்க, பஸ்மீரின் வீடியோவில் பிழை தேடுவார்.

"முந்தானையக் காட்ட முந்தி விலையச் சொல்றான், பாத்தியா?"

"நேத்தும் இதத்தானே பாத்தீங்க, காக்கா?" என்றான் காசாளர் றிப்ஷான்.

"நேத்து அவண்ட இளிப்பப் பாத்தன். இண்டைக்குக் கையப் பாக்கன்."

மாதக் கடைசியில் ஹாஜியார் கூப்பிட்டார்.

"ஏறாவூருக்குப் பஸ்மீர் போறான், ஜுனைதீன்."

"அவண்ட வீடியோவில எவ்வளவு பிழை இரிக்கி, ஹாஜியார். நான் வரிசையாச் சொல்றன்."

"ஆர் எதப் பாத்த எண்டு ஆப்பில பேரோட விழும்," என்று ஹாஜியார் போனைத் திருப்பிக் காட்டினார். "உங்கட வீடியோவ நீங்களே ஒருக்காவும் பாக்கல்ல. அவண்டய உங்களப்போல ஆரும் பாக்கல்ல. நீங்களே அவனிட்டப் படிக்கக்குள்ள, நான் வேற ஆரப் போடுற?"