மொட்டுப்புழு மருந்து

தோட்டத்தில் மருந்து அடிப்பது யார் என்று டாக்டர் அஃப்ஷா கமலத்திடம் கேட்டார்.

"நான்தாங்க மேடம். இவள அந்தாண்ட வுட்டதே இல்ல," என்றார் அவள் கணவர் வேதாசலம்.

கமலம் தலையாட்டினாள். உண்மைதான். மல்லித் தோட்டத்தில் அவர் மருந்து அடிக்கும் மாலைகளில் அவள் வீட்டை விட்டு வெளியே வந்ததில்லை.

மார்பில் அறுத்தெடுத்த புற்று இப்போது முதுகெலும்பில் இருந்தது.

பூச்சிமருந்தால்தான் வந்தது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆனால் அது உடம்பில் சேர்ந்தால் நோய் வேகமாகப் பரவக்கூடும் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. மூச்சில் மட்டுமல்ல, தோல் வழியாகவும் சேரும். துணியில் பட்டதுகூட.

கமலம் ஏதோ கேட்க வாயெடுத்தாள். வேதாசலம் டாக்டரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் கேட்காமலே எழுந்தாள்.

திருப்பத்தூர் பஸ்ஸில் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்தார்.

"கேட்டியா? நம்மளால இல்ல. நான்தான் உன்ன அண்டவே வுடலையே."

"ஆமா. ராஜா வூட்டுப் பொண்ணாட்டம் வெச்சிருந்தீங்க."

அவர் சிரித்தார். ஸ்கேன் முடிவு வந்ததிலிருந்து அவர் சிரித்து அவள் பார்க்கவில்லை. பள்ளிகொண்டா வருவதற்குள் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஆலைகளின் நாற்றம் உள்ளே வந்தது. யாரும் ஜன்னலை மூடவில்லை.

மோட்டார் கொட்டகை ஆணியில் அவருடைய பழைய முழுக்கைச் சட்டை தொங்கும். மாலையில் அதைப் போட்டுக்கொண்டுதான் மருந்து அடிப்பார். விடியலில் பூப்பறிக்கப் போகும்போது, புடவை நனையாமலிருக்க, கமலம் அதையே மேலே மாட்டிக்கொள்வாள். கழுத்துவரை பட்டன் போட்டு. அந்த ஊரில் எல்லாப் பெண்களும் புருஷன் சட்டையில்தான் பூப்பறிப்பார்கள்.

மாட்டும்போதே அது ஈரமாக இருக்கும். பனி என்று நினைத்திருந்தாள்.

சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தாள். இந்தத் தூக்கமாவது அவருக்கு இருக்கட்டும். தனக்கு இனி என்ன.

வாணியம்பாடி வந்தது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு மருமகள் மேகலாதான் பூப்பறிக்கிறாள். இன்று காலை இவர்கள் கிளம்பும்போது கூடையோடு எதிரில் வந்தாள். நல்ல சேதியோட வாங்க அத்தே என்றாள்.

அந்தச் சட்டையில் இருந்தாள்.

கமலம் அவரை உலுக்கினாள்.

"ஏங்க. எந்திரிங்க."